வில்வமா, கறிவேப்பிலையா?

மஞ்சள் பூ என்றால் மஞ்சள் பூதான்; அதில் என்ன பெரிய பேதம் இருந்துவிடப் போகிறது? 2023-ம் வருஷம் ஜூலை மாதத்து முதல் வாரம் வரையில் நான் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் என் அக்காவின் பெண்ணுக்கு, எட்டு வயசுக் குழந்தைக்கு, இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையில் கோடு கோடாகக் கொப்புளித்துவிட்டது. பழுக்கக் காய்ந்த தோசைத் திருப்பியால் இழுத்த மாதிரி! காரணம், ஒரு மஞ்சள் பூ. அதைத் தாராளமாய்ப் பறிக்கலாம் என்று சொன்னவள் நான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறாள். சிகாகோ நகரத்துக்கு மேற்கே, காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு புறநகர். பல வருஷமாய் "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காரியாலயத்தில் சேர்த்து வைத்திருந்த லீவோடு சம்பளமில்லாத லீவையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் கையெழுத்துப் போடும்போது, "போகிற இடத்தில் பார்த்ததை எழுதம்மா. ஆனால் நயாகரா மட்டும் வேண்டாம், அதைப் பற்றி எழுதாதவர் பாக்கி இல்லை" என்றார். அவர் வாய் முகூர்த்தம், நயாகராவை நான் பார்க்கவே இல்லை. மூன்று மாதமும் புல்லையும் பூவையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் "ஸ்டெப்பி, பிரெய்ரி, பாம்பாஸ்" என்று உருப்போட்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எந்தப் புல்வெளி எந்தக் கண்டத்தில் என்று கோடிட்ட இடத்தை நிரப்பினால் ஒரு மார்க். அந்த ஒரு மார்க்குப் பிரெய்ரியின் மேல்தான் அக்காவின் வீடு நிற்கிறது என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இல்லினாய்க்குப் 'பிரெய்ரி மாநிலம்' என்றே பட்டப் பெயர். ஆனால் ஜன்னலைத் திறந்து பார்த்தால் பிரெய்ரி எங்கே? ஒட்ட வெட்டிய புல்தரை, கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் கடைகள். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்.

ஒரு காலத்தில் அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்ததாம். பிசுபிசுவென்ற அந்தக் கரிய மண், பழைய இரும்புக் கலப்பைகளில் அப்பிக்கொண்டு உழவிடாமல் அடித்தது. 1837-ல் ஜான் டீர் என்ற கருமான், அதே மாநிலத்தில் கிராண்ட் டீட்டூர் என்ற சின்ன ஊரில், உடைந்த ரம்பத் தகட்டைக் கொண்டு மண் ஒட்டாத எஃகுக் கலப்பை ஒன்று செய்தார். அப்புறம் கேட்பானேன்? இரண்டு தலைமுறைக்குள் எல்லாம் வயலாகிவிட்டது. பழைய பிரெய்ரியில் கெடாமல் மிஞ்சியிருப்பது இன்றைக்குச் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் எங்கே என்றால், கலப்பை நுழையாத இடங்களில்: ரயில் பாதை ஓரங்களிலும், பழைய கல்லறைத் தோட்டங்களின் மூலைகளிலும். செத்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் அந்தச் செடிகள் பிழைத்துக் கிடக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு கல்லறைத் தோட்டம் அக்காவின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அதை ஒட்டி இரண்டு ஏக்கருக்கும் குறைவாக ஒரு பிரெய்ரித் துண்டு. அடுத்த தெருவில் ஓர் ஆசிரியை அம்மாள் இருந்தார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது வயசுக்கு மேல் இருக்கும்; நடையில் என்னைத் தோற்கடித்துவிடுவார். அவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வாரத்தில் ஒரு நாள் காலையில் போய் அங்கே களை பிடுங்குவார்கள். கூலி கிடையாது, காப்பி உண்டு. மே மாதக் கடைசியில் ஒரு நாள் "நீயும் வாயேன்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

முழங்கால் உயரப் புல்லுக்கிடையில் மஞ்சள் மஞ்சளாய்க் குட்டிக் குடைகள் விரிந்திருந்தன. பார்த்ததும் எனக்கு ஒரே கர்வம். கல்லூரியில் இரண்டு வருஷம் தாவர இயல் படித்தவள் அல்லவா? "இது கொத்தமல்லிக் குடும்பம்!" என்றேன். அந்த அம்மாளுக்கு ரொம்ப சந்தோஷம். அந்தக் குடும்பத்தைத் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அறிமுகம் செய்யவே வேண்டாம். நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி அதுதான். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம் எல்லாம் ஒரே வம்சம். காரட்டும் அதிலேதான் சேர்த்தி. ஒரு காம்பின் உச்சியிலிருந்து குடைக் கம்பிகள் மாதிரி சிறு காம்புகள் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் பூ. சோம்புச் செடி பூத்துப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த மஞ்சள் குடை தெரிந்திருக்கும்.

"இதன் பெயர் கோல்டன் அலெக்ஸாண்டர்ஸ். இந்த மண்ணுக்கே சொந்தக்காரி. வசந்தத்தில் சின்னத் தேனீக்களுக்கு இதுதான் முதல் விருந்து" என்றார் அந்த அம்மாள்.

நான் பைக்குள்ளிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன். அந்த வரி இன்னும் என்னிடம் இருக்கிறது: 'மஞ்சள். குடை மாதிரி. கொத்தமல்லி ஜாதி. சாது.' அவ்வளவுதான். இலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தண்டைப் பற்றிக் கிடையாது. எந்த மாதத்தில் பூக்கிறது என்றுகூட எழுதவில்லை. பத்திரிகைக்காரி என்று பெயர்!

ஜூலை முதல் தேதி சனிக்கிழமை. அக்கா வீட்டுப் பெருமாள் படத்துக்குச் சனிக்கிழமை தோறும் கடையிலிருந்து பூ வரும். அந்த விலையைக் கேட்டால் பெருமாளே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். நானும் குழந்தையும் மத்தியானம் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். சாலையோரப் பள்ளம் முழுக்க மஞ்சள் குடைகள்! மே மாதத்தில் பார்த்ததைவிட உயரம். என் தோளுக்கு வந்தன. 'நன்றாய் வளர்ந்துவிட்டது, மழை பெய்திருக்கிறது அல்லவா?' என்று நானே காரணமும் கற்பித்துக்கொண்டேன்.

"சித்தி, இதைப் பறிக்கலாமா? பெருமாளுக்கு?" என்று கேட்டாள் குழந்தை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தை சும்மா போய்க் கைவைக்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். "தாராளமாய்ப் பறி. எனக்குத் தெரியும் இந்தப் பூ. கொத்தமல்லி ஜாதி" என்று நான் சொன்னேன்.

தடித் தண்டுகள், ஒடிக்க ஒடிக்கச் சாறு வடிந்தது. அரைக்கைக் கவுன் போட்டிருந்தவள், ஒடித்ததையெல்லாம் இடது கையில் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி அணைத்துக்கொண்டாள். சுள்ளென்று வெயில். அந்தக் கோலத்தில் அவளை நிறுத்தி நான் நாலு படம் வேறு எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஜாடியில் வைத்தோம். அக்கா, "அழகாய்த்தான் இருக்கிறது" என்றாள். குழந்தைக்கு அன்றைக்கு ஒன்றுமே இல்லை: அரிப்பில்லை, எரிச்சலில்லை. தொட்டவுடன் சுட்டிருந்தால் உதறிவிட்டிருப்பாளே! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கை சிவந்தது. கொசு என்று நினைத்துச் சந்தனம் இழைத்துப் பூசினோம். திங்கட்கிழமை காலையில் கோடு கோடாக நீர் கோத்துக்கொண்டிருந்தது. என் விரல் நுனியில்கூட இரண்டு கொப்புளம். அது எனக்கு வேண்டியதுதான்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி எங்களைத் திகைக்க வைத்துவிட்டது.

"வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழிந்தாளா?"

இல்லை என்றதும், "அப்படியானால் ஏதாவது செடியை ஒடித்தாளா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை முந்திக்கொண்டு, "நான்தான் பறிச்சேன். சித்திக்குத் தெரியாது" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்காகச் சொன்னாள். நான் நடந்ததைச் சொல்லி, கைப்பேசியிலிருந்த படத்தையும் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

அது கோல்டன் அலெக்ஸாண்டர்ஸ் அல்ல, காட்டு பார்ஸ்னிப். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கறிகாய்க்காகக் கொண்டுவந்தது. வெள்ளைக் காரட் மாதிரி இருக்கும் அதன் கிழங்கை இன்றைக்கும் கடையில் விற்கிறார்கள். அக்கா அதைச் சாம்பாரிலேயே போட்டிருக்கிறாள்! தோட்டத்தைத் தாண்டி ஓடி, சாலையோரமெல்லாம் பரவிவிட்டது. கிழங்கு சாதுதான், தண்டிலும் இலையிலும் இருக்கும் சாறுதான் பொல்லாதது. அந்தச் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், ஒன்றிரண்டு நாளில் தீப்பட்ட புண் மாதிரி பொங்கிவிடுகிறது. இது சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாத சமாசாரம் அல்ல, யாருக்கும் வரும். எலுமிச்சம்பழத்திலும் அதே வகைச் சரக்குக் கொஞ்சம் உண்டு. அதனால்தான் அந்தக் கேள்வி. நம் ஊரிலும் இது தெரிந்த சங்கதிதான். வெண்படைக்குக் கார்போக அரிசியைப் பூசி வெயிலில் இருக்கச் சொல்வது பழைய வைத்தியம். அந்த விதையிலிருந்து எடுத்த சத்துக்கு அந்தச் செடியின் லத்தீன் பெயரை ஒட்டியே 'சொராலென்' என்று பெயர் வைத்து, மேல்நாட்டு வைத்தியர்களும் தோல் நோய்க்கு உபயோகித்தார்கள். பார்ஸ்னிப் சாறு சுடுவதும் அந்த வகைச் சரக்கினால்தான். வைத்தியர் கையில் மருந்து, என் கையில் கொப்புளம்.

"கொப்புளத்தை உடைக்காதீர்கள், ஈரத்துணி போடுங்கள், வெயில் காட்டாதீர்கள். தழும்பு மாதிரி பழுப்பு நிறம் சில மாதம் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். சாறு பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவி நிழலுக்குப் போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராதாம்.

அக்கா காரில் வீடு வந்து சேரும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, ஜாடியிலிருந்த பூவைக் காட்டி, "எடுத்துப் போடுடி அதை" என்றாள். அப்புறம் இரண்டு நாள் அதுவும் இல்லை. "உனக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அன்று ராத்திரி நான் சரியாய்த் தூங்கவில்லை.

ஜாடிப் பூவைக் குப்பையில் போடவில்லை. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப் போய் ஆசிரியை அம்மாளின் தோட்டத்து மேஜையில் வைத்தேன். சமாசாரத்தைக் கேட்டு அவர் முகம் வாடிப் போயிற்று. "நான் அன்றைக்கே இதன் ஜோடியைப் பற்றி எச்சரித்திருக்க வேண்டும்" என்றார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, தம் தோட்டத்திலிருந்த கோல்டன் அலெக்ஸாண்டர்ஸில் ஒரு கிளையை வெட்டிவந்து பக்கத்தில் வைத்தார். அது மே மாதமே பூத்து முடிந்து, இப்போது பச்சைக் காய் பிடித்திருந்தது. நான் பார்த்த 'நன்றாய் வளர்ந்துவிட்ட' செடி, முந்தியது முடிந்த பிறகு பூக்க ஆரம்பித்த வேறு செடி.

அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். இரண்டு கையாலும் இரண்டு செடியின் உச்சியையும் பொத்தி மறைத்துக்கொண்டு, "இப்போது சொல், எது எது?" என்றார்.

பூவும் காயும் மறைந்த பிறகு பார்த்தால், அட, இவை இரண்டையும் எப்படி ஒன்றென்று நினைத்தேன்! பார்ஸ்னிப்பின் இலை, கறிவேப்பிலை ஈர்க்கு மாதிரி. நடுவில் ஒரு நரம்பு, இரு பக்கமும் எதிர் எதிராய் இலைகள், நுனியில் ஒன்று. ஓரமெல்லாம் முரட்டுப் பல். அலெக்ஸாண்டர்ஸின் இலையோ வில்வ தளம் மாதிரி: மூன்று, ஒவ்வொன்றும் மறுபடி மூன்றாகப் பிரியலாம், ஓரத்தில் நுணுக்கமான பல். பார்ஸ்னிப்பின் தண்டு கட்டை விரல் கனத்தில், நெடுக வரி வரியாய்ப் பள்ளம் விழுந்தது; மற்றது மெல்லியது, வழவழப்பானது. பூவில்கூடப் பேதம் உண்டு; குனிந்து பார்க்கிறவர்களுக்கு. அலெக்ஸாண்டர்ஸில் ஒவ்வொரு குட்டிக் குடையின் நட்டநடுப் பூவுக்கு மட்டும் காம்பு இருப்பதில்லை; கம்பிகள் பிரிகிற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். காயான பிறகும் அப்படியே. பார்ஸ்னிப்பில் எல்லாப் பூவுக்கும் காம்பு உண்டு. காயோ தட்டை, கொத்தமல்லி விதையை நசுக்கின மாதிரி.

"போதுமா? இன்னும் ஒன்று இருக்கிறது" என்று சிரித்தார் அந்த அம்மாள். 'மெடோ பார்ஸ்னிப்' என்று மூன்றாவது ஒன்றாம். பெயரில் பார்ஸ்னிப்; ஆனால் அந்த மண்ணுக்குச் சொந்தமானது. இலை, உயரம் எல்லாம் அலெக்ஸாண்டர்ஸை உரித்து வைத்தது. அந்த நடுப்பூவின் காம்பைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது. பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

இதற்குப் பிறகு ஜூலை முழுவதும் அந்த அம்மாளுக்கு நான் மாணவி. இரண்டு நாளுக்கு ஒரு தடவை எங்கேயாவது அழைத்துப் போவார். பூவைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். தப்பாய்ச் சொன்னால் திட்டுவதில்லை. அடுத்த செடியைக் காட்டுவார்.

பாதி நாள் நடந்தது 'இல்லினாய் பிரெய்ரி பாதை' என்ற நடைபாதையில். பழைய மின்சார ரயில் ஓடி நின்றுபோன தடம் அது. சும்மா கிடந்த அந்தத் தடத்தை நடப்பதற்காக விட்டுவிடலாமே என்று 1963-ல் மே தீல்கார்டு வாட்ஸ் என்ற பெண்மணி சிகாகோ பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். இயற்கையைப் பற்றி ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாய்க் கொண்டவர்; பூக்களை அடையாளம் காணக் கைக்கடக்கமாய் ஒரு சிறு புத்தகமும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு கடிதத்திலிருந்து கிளம்பியதுதான் இன்றைக்கு ஏறக்குறைய 60 மைல் நீளத்துக்கு ஓடும் பாதை. வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. இனிமேல் கொஞ்சம் மரியாதையாய்ப் படிப்பதென்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஜூலை மாதத்துப் பிரெய்ரியில் எதைப் பார்த்தாலும் சூரியகாந்திதான். அப்படித்தான் நானும் சொன்னேன். "பாதிக்கு மேல் சூரியகாந்தியே அல்ல" என்றார் அந்த அம்மாள். சில்ஃபியம் என்று ஒரு கூட்டம். நாலு சகோதரிகள், நாலு பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் முகம். கழுத்துக்கு மேலே பார்த்தால் யார் மூத்தவள், யார் இளையவள் என்று சொல்லவே முடியாது. கீழே பாருங்கள், உடனே தெரிந்துவிடும். கப் பிளாண்ட் என்பவளுக்குத் தண்டு நாலு பட்டைச் சதுரம். எதிர் எதிர் இலைகள் இரண்டும் அடியில் ஒட்டிக்கொண்டு தொன்னை மாதிரி ஆகிவிடும். மழை பெய்த மறுநாள் அதில் தண்ணீர் நிற்கும், குருவி வந்து குடிக்கும். ராசின்வீடு என்பவளுக்கும் இலைகள் எதிர் எதிராய்த்தான், ஆனால் தொன்னை கிடையாது. பிரெய்ரி டாக் என்பவளுக்கு இலையெல்லாம் தரையிலேயே. மண்வெட்டித் தகடு போல் அகலமாய், சொரசொரவென்று இருக்கும். மேலே ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மொட்டைத் தண்டில் பூ. உச்சி வெயிலில் அந்த இலையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கச் சொன்னார். ஜில்லென்றிருந்தது! ஆழத்திலிருந்து வேர் இறைக்கும் தண்ணீர் அது.

நாலாமவள்தான் ராணி. திசைகாட்டிச் செடி. ஆழமாய் வெட்டு விழுந்த பெரிய இலைகள். அவை தட்டைப் பக்கத்தைக் கிழக்குக்கும் மேற்குக்கும் காட்டிக்கொண்டு, ஓரத்தை வடக்குத் தெற்காய் வைத்துக்கொண்டு நிற்கும். பூக்கவே பல வருஷம் எடுத்துக்கொள்வாள். பூக்க ஆரம்பித்தால் பேரன் பேத்தி காலம் வரை இருப்பாள். ஆல்டோ லியோபோல்டு என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், பக்கத்து விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்து மூலையில் ஆண்டுதோறும் ஜூலையில் பூத்துக்கொண்டிருந்த ஒரு திசைகாட்டிச் செடியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு வருஷம் வேலியை எடுத்துவிட்டுச் சாலை ஆட்கள் அதைப் புல்லோடு புல்லாய் அறுத்துப் போட்டுவிட்டார்கள். 1949-ல், அவர் காலமானதற்கு மறுவருஷம் வெளிவந்த புத்தகத்தில் அது இருக்கிறது. அறுத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது ஒரு மஞ்சள் பூ.

சரி, சூரியகாந்தியையும் சில்ஃபியத்தையும் பூவை வைத்தே பிரிக்க வழி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது. சூரியகாந்தியில் வெளிவட்டத்து இதழ்ப் பூக்கள் மலடு; நடுவட்டம்தான் விதையாகும். சில்ஃபியத்தில் நேர்மாறு: நடுவட்டம் மலடு, ஓரத்து இதழ்ப் பூக்களின் அடியில் மட்டும் விதை. எத்தனை நாள் நான் சூரியகாந்தி விதையைக் கொறித்திருக்கிறேன். இது தோன்றியதே இல்லை.

ஊதாப் பூக்களிலும் இந்த ஏமாற்று உண்டு. எக்கினேசியா என்று மருந்துக் கடையில் ஜலதோஷத்துக்கு மாத்திரை விற்கிறார்களே, அந்தப் பூ. பிரெய்ரியிலே இருப்பது இதழ் மெலிந்து, தோரணம் மாதிரி தொங்குகிற ஜாதி. அதன் மகரந்தம் வெள்ளை. நர்சரியில் வாங்கி வீட்டு வாசலில் வைப்பது இதழ் அகலமான ஜாதி. அதன் மகரந்தம் மஞ்சள். தங்கநிறக் கோல்டன்ராடு பூப்பதற்கு முன்னால் நான் கிளம்பும் நாள் வந்துவிட்டது. பாவம், அது பூக்கும் சமயத்தில் ஊரெல்லாம் தும்முகிறது. பழி அதன் மேல். காற்றில் மகரந்தத்தைத் தூவுகிற நிஜக் குற்றவாளி, பக்கத்திலேயே கண்ணில் படாத பச்சைப் பூவோடு நிற்கும் ராக்வீடு.

ஒரே ஒரு செடியை மட்டும் நான் அறிமுகமில்லாமலே தெரிந்துகொண்டேன். எதிர் எதிராய்க் கனத்த இலை, கிள்ளினால் பால், உச்சியில் கொத்துக் கொத்தாய்ப் பூ. "எருக்கு!" என்று கத்திவிட்டேன். நம் எருக்குக்கு நெருங்கிய உறவான மில்க்வீடு அது. அமெரிக்காவில் மானார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்பது அந்த இலையைத்தான். நம் ஊர் எருக்கிலையைத் தின்று வளரும் ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியும் மானார்க்கின் நெருங்கிய பந்துதான். இதிலும் இரட்டையர் உண்டு. சாதாரண மில்க்வீடுக்கு இலையின் அடியில் பூனை மயிர், காயில் முள் மாதிரிப் புடைப்பு. சல்லிவன்ட் மில்க்வீடு அபூர்வம். அதன் இலை மெழுகு போட்ட மாதிரி வழவழப்பு, நடு நரம்பில் ரோஜாச் சாயல், காயும் வழவழப்பு. இந்த ஒன்றை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், தடவிப் பார்த்து. அந்த அம்மாள் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஜூலைக் கடைசி வாரத்தில் கல்லறைத் தோட்டத்தில் பார்ஸ்னிப் ஒழிப்பு. அந்தச் செடி பூத்த வருஷமே செத்துவிடும். விதை உதிர்வதற்குள், மண்ணுக்கு ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் கீழே வேரை வெட்டிவிட்டால் அதன் கதை முடிந்தது. "நானும் வருகிறேன்" என்றாள் குழந்தை. கொப்புளம் ஆறி, கையில் பழுப்புக் கோடுகள் மட்டும் இருந்தன. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அவளும் வந்தாள், காவலுக்கு. முழுக்கைச் சட்டை, கையுறை, சாக்ஸுக்குள் செருகிய பைஜாமா என்று குழந்தையை மூட்டை கட்டிவிட்டாள். வெட்டுகிற வேலை எங்களுக்கு. தூரத்தில் நின்று பார்க்கிற வேலை குழந்தைக்கு.

எனக்குப் பழி வாங்கும் வேகம். மண்வெட்டியை வைத்துக்கொண்டு சரமாரியாய் வெட்டிக்கொண்டு போனேன். எல்லாமே காயாய் நின்ற சமயம் அது, மஞ்சளே இல்லை. ஒன்றின் வேரில் மண்வெட்டியை வைத்துக் காலால் அழுத்தப் போனபோது, பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"சித்தி, வேண்டாம்! அது வில்வம்!"

குனிந்து பார்த்தேன். மூன்று, மூன்றாய் இலை. குட்டிக் குடையின் நட்டநடுக் காய், காம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்க்கைத் திறந்து முதல் தம்ளர் காப்பியை என்னிடம் நீட்டினாள்.

நான் ஊருக்குத் திரும்பி ஒன்பது மாதம் கழித்து, 2024 மே மாதத்தில் ஒரு நாள், அக்காவிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. மஞ்சள் குடை ஒன்று. கீழே, 'உன் மருமகள் கேட்கிறாள், இது எது, பறிக்கலாமா?' என்று எழுதியிருந்தது. படத்தில் பூ மட்டும்தான் தெரிந்தது. மே மாதம்தான்; அலெக்ஸாண்டர்ஸாகத்தான் இருக்க வேண்டும். விரல் அதை எழுதவும் போய்விட்டது. நிறுத்திக்கொண்டு, 'எனக்குத் தெரியவில்லை. வில்வமா, கறிவேப்பிலையா?' என்று பதில் போட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது படம் வந்தது. கையுறை போட்ட ஒரு சின்னக் கை, செடியை ஒடிக்காமல், இலையை மட்டும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது.